கலுங்கை உயர்த்திய கோடை

எங்கள் ஊர், கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடிப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே எங்கள் வீட்டு ஐயா தன் பட்டா நிலத்தில் வெட்டிய ஏந்தல், அதாவது சிறிய கண்மாய், ஒன்று உண்டு. 4 ஏக்கர் தண்ணீர். 600 அடி நீளத்துக்கு மண் கரை, நடுவில் அதன் உயரம் 12 அடி. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரு மடை, மிஞ்சும் தண்ணீர் வழிந்து வெளியேற 20 அடி அகலத்தில் ஒரு கலுங்கு, அவ்வளவுதான். கரைக்குக் கிழக்கே கொஞ்சம் வயல், அதைத் தாண்டினால் தார்ச்சாலை, சாலையோரம் இருபது வீடுகள்.

ஒரு காலத்தில் அந்தத் தண்ணீரில் 30 ஏக்கர் விளைந்தது. பிறகு வெள்ளாமை சுருங்கிப்போய், பாதி நிலம் கருவேலங்காடானது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. நாங்களோ பெரிய வீட்டை வெளியூர் விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியிருந்தோம். காலையில் வளவு என்கிற நடு முற்றத்தையும் பட்டாலையையும் படம் எடுக்கிறார்கள், ஆத்தங்குடிக் கல் செய்வதைப் போய்ப் பார்க்கிறார்கள். சாயங்காலம் ஆனதும், "பார்க்க வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 2019 கோடையில் ஏந்தலில் படகு விட்டோம். இரண்டு பெடல் படகு, ஒரு துடுப்புப் படகு, கரைமேல் நடைபாதை, வரிசையாக விளக்கு.

அந்தக் கோடையில் நாங்கள் செய்தது அத்தனையும் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. சிறு குளம், சிறு கரை வைத்துக்கொண்டு படகு விடவோ மீன் வளர்க்கவோ நினைக்கிறவர்கள் இதே வேலைகளைத்தான் செய்வார்கள் என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கலுங்கு. நம் பக்கத்துக் கலுங்குகளில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடைமழைக் காலத்தில் அந்தக் கற்களுக்கு இடையே எதுவும் இருக்காது, தண்ணீர் தாராளமாக வழிந்து மறுகால் போகும். கார்த்திகை கழிந்து மார்கழியில் மழை ஓய்ந்த பிறகுதான் இடைவெளிகளில் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்பார்கள். கடைசியாக வருகிற தண்ணீர் ஒரு அடி கூடுதலாக நிற்கும். மறு வருடம் மழைக்கு முன்னால் அந்த அடைப்பை எடுத்துவிடுவார்கள். நாங்கள் அந்த இடைவெளிகளில் ஒரு அடி உயரத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டோம். சுற்றுலாக்காரர்கள் வரும் மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் ஏந்தல் தளும்ப நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அடுத்து வலை. கட்லா, ரோகு குஞ்சுகள் விட்டிருந்தோம். மறுகாலோடு மீன் போய்விடக் கூடாது என்று கலுங்கின் குறுக்கே நைலான் வலை கட்டினோம்.

மூன்றாவது, கரையில் போட்ட சரிவு. வயதானவர்களை ஏற்றிவர பேட்டரி வண்டி கரைமேல் ஏற வேண்டும். அதற்காக ஓரிடத்தில் கரையின் தலையை ஒரு அடி வெட்டி இறக்கினோம். விளக்குக்கு வயர் புதைக்கக் கரை நீளத்துக்கும் வாய்க்கால் மாதிரித் தோண்டி, மண்ணை மேலாகத் தள்ளி மூடினோம். அதைத் திமிசு போட்டுக் கெட்டிக்கவில்லை.

நீர்க்கட்டிப் பெரியவர் ஒருவர் அப்போதும் இருந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த ஏந்தலின் மடை திறப்பதும் கரை பார்ப்பதும் அவர்கள் குடும்பத்து வேலை. அறுப்பு முடிந்ததும் களத்தில் அவர்களுக்கு நெல் அளப்பார்கள். வெள்ளாமை நின்றதும் அந்த நெல்லும் நின்றுவிட்டது. கான்கிரீட் போட்ட அன்று வந்து பார்த்தவர், "ஆச்சி, வளவுல மழைத்தண்ணி விழுது. சலதாரைய அடைச்சிட்டு வீட்டுக்குள்ள இருப்பீகளா?" என்று கேட்டார். நான், "பார்த்துக்கலாம்ணே" என்றேன். அந்தப் பதிலை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. அது போதும், செய்தது சரி என்று மனசு நம்பிவிட்டது.

2021-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தை மிஞ்சிப் பெய்தது. ஐப்பசியிலேயே ஏந்தல் பெருகிவிட்டது. கார்த்திகையில் ஒருநாள் பொழுது சாய ஆரம்பித்த மழை இரவு பத்து மணிக்கும் விடவில்லை. பதினொரு மணிக்குப் பெரியவர் வீட்டு முகப்பில் நின்று கூப்பிட்டார். தலையில் சாக்கு, கையில் டார்ச். யாரும் சொல்லாமலேயே கரை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "ஆச்சி, வண்டிப் பாதைகிட்ட கரை மேல தண்ணி ஏற நாலு விரக்கடைதான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். மண் கரைமேல் தண்ணீர் வழியத் தொடங்கினால் என்ன ஆகும் என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கல்லால் கட்டிய அணை மாதிரி, மேலே தண்ணீர் வழிந்தாலும் மண் கரை தாங்கி நிற்காது. பின்பக்கச் சரிவில் தண்ணீர் இறங்கும்போது முதலில் புல் உரியும், பிறகு மண் படிபடியாகக் கரையும், அந்தப் பள்ளம் மேல்நோக்கி ஏறி வரும். முன்பக்கத்தைத் தொட்டதும் கரை உடைப்பெடுக்கும். அதன் பிறகு யாராலும் அடைக்க முடியாது.

கலுங்கில் சத்தமே இல்லை. அவ்வளவு வெள்ளத்தில் மறுகால் இரைய வேண்டாமா? ஆகாயத்தாமரையும் பனை மட்டையும் வலையில் அப்பி ஒரு சுவர் மாதிரி ஆகியிருந்தது. அதற்குள் கீழே இருக்கும் வீடுகளிலிருந்து பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். பெரியவரின் மகன் இடுப்பில் வடம் கட்டிக்கொண்டு இறங்கி அரிவாளால் வலையை அறுத்தான். இன்னும் இரண்டு பேர் கடப்பாரையால் கான்கிரீட்டை ஓரத்திலிருந்து பெயர்த்தார்கள். மற்றவர்கள் சிமெண்டுச் சாக்கில் மண் அள்ளி வண்டிப் பாதைப் பள்ளத்தில் இரண்டு அடுக்கு வைத்தார்கள். யாருடைய வீட்டுக்கு ஆபத்து வந்ததோ அவர்களே வந்துதான் எங்கள் கரையைக் காப்பாற்றினார்கள். இரண்டு மணிக்கு மறுகால் இரையும் சத்தம் கேட்டது. நாலு மணிக்குத் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது.

இறங்கிய பிறகு என் அண்ணன் முறை ஒருவர் (பொதுப்பணித் துறையில் குளம் கண்மாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்) எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பிறகு எத்தனையோ பேருக்கு நான் அதைச் சொல்லியிருக்கிறேன். கலுங்கின் மேல் ஓடும் தண்ணீரின் உயரம் பாதியானால், வெளியேறும் அளவு பாதியாவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஐயா கட்டியபோது கலுங்குத் தளத்துக்கும் கரைத் தலைக்கும் 3 அடி வித்தியாசம் விட்டிருந்தார். 20 அடிக் கலுங்கில் 3 அடி உயரத்துக்குத் தண்ணீர் போனால் நொடிக்குச் சுமார் 9,000 லிட்டர் வெளியேறும். நாங்கள் கலுங்கை ஒரு அடி ஏற்றி, கரையை ஓரிடத்தில் ஒரு அடி இறக்கினோம். மீதி இருந்தது 1 அடி. 1 அடியில் போவது நொடிக்கு 1,750 லிட்டர். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வலை அடைத்தது அதற்கும் மேலே.

வரத்துக் கணக்கும் இருக்கிறது. எங்கள் ஏந்தலுக்குத் தண்ணீர் வடிந்து வருகிற நிலம் 150 ஏக்கர். அதில் 12 செ.மீ. மழை பெய்தால் விழுகிற தண்ணீர் 7 கோடி லிட்டருக்கு மேல். நிலம் ஊறிக் கிடக்கும் கார்த்திகையில் பாதி ஓடி வந்தாலும் மூன்றரைக் கோடி லிட்டர். ஏந்தலின் முழுக் கொள்ளளவே இரண்டரைக் கோடிக்குள்தான். ஆறு மணி நேரத்தில் அது வந்தால் சராசரியாக நொடிக்கு 1,600 லிட்டருக்கு மேல், உச்சத்தில் அதைப் போல இரு மடங்குகூட வரலாம். எங்கள் 1,750 எந்த மூலைக்கு? சின்னக் குளத்துக்கு என்ன வெள்ளம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் குளத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வரத்துக்கால் எவ்வளவு நிலத்திலிருந்து வருகிறது என்பதை.

அந்த ராத்திரி அதோடு முடியவில்லை. விடிந்ததும் கரையின் பின்பக்க அடியைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மடைக்கு வடக்கே பதினைந்தடி தள்ளி, தரையில் கைப்பிடி அகலத்துக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் செம்மண் வளையமாகப் படிந்திருந்தது. 2010-ல் காற்றில் சாய்ந்த வாகை மரம் நின்ற இடம் அது. மரத்தை அறுத்து எடுத்தோம், வேரை விட்டுவிட்டோம். பதினொரு வருடத்தில் வேர் மக்கிக் கரைக்குள் குழாய் போல ஆகியிருந்தது. தண்ணீர் அதுவரை நிற்காத உயரத்துக்கு நின்றதும் அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி தெளிவா வருதா, கலங்கலா வருதா? ஒரு கண்ணாடி கிளாசுல பிடிச்சுப் பாரு ஆத்தா." பிடித்து வைத்தோம். இரண்டு நிமிடத்தில் அடியில் விரல் கன செம்மண் தங்கியது. "மண்ணு வருதுன்னா கரை உள்ளுக்குள்ள கரையுது. கீழ இருக்கவுகள முதல்ல கிளப்பு, பிறகு 1077-க்குப் போன் பண்ணு" என்றார். 1077 மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண். மாநில அறைக்கு 1070. கோயில் மைக்கில் சொல்லி, இருபது வீட்டாரையும் மேட்டில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்.

ஊற்றை அடைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். களிமண்ணைக் கொட்டி மிதிக்கலாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அண்ணன் கத்தினார். "அடைக்காத! அடைச்சா வேற இடத்துல பிய்ச்சுக்கும். தண்ணிய வெளிய விடணும், மண்ணை மட்டும் உள்ள நிறுத்தணும்." அவர் சொன்னபடி ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையால் இடுப்பளவு கிணற்றுச் சுவர் மாதிரி வட்டம் கட்டினோம். உள்ளே தண்ணீர் ஏறி நிற்க நிற்க, ஊற்றின் வேகம் குறைந்தது. பிறகு உள்ளே முதலில் ஆற்று மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. மணலைத் தூக்கி எறிகிற வேகம் இருந்தால் முதலில் கொஞ்சம் ஜல்லியைப் போட்டு வேகத்தைத் தணித்துவிட்டுப் பிறகு மணலில் தொடங்க வேண்டும். மதியம் ஒரு மணிக்கு வட்டத்தின் மேலே வழிந்த தண்ணீரைக் கிளாசில் பிடித்தோம். தெளிந்திருந்தது.

மடையைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கலாம் என்றால் பலகை நகரவில்லை. பாசனம் இல்லை என்பதால் இரண்டு வருடம் யாரும் தொடவில்லை, திருகு துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியால் தட்டி, திறக்க இரண்டு மணி நேரம் ஆனது. திறந்த பிறகும் அவசரப்பட முடியாது. ஊறிய கரைக்கு முன்னால் தாங்கி நிற்கும் தண்ணீரைச் சட்டென எடுத்தால் முன்பக்கச் சரிவு சரிந்து விழும். உடையப் போகிற நிலைமை என்றால் வேறு. இல்லாவிட்டால் நாளுக்கு ஒரு அடிக்கு மேல் இறக்கக் கூடாது. நாங்கள் நாலு நாளில் நாலடி இறக்கினோம்.

அதன் பிறகுதான் அண்ணன் எனக்கு சவுத் ஃபோர்க் அணையைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் பணக்காரர்கள் சங்கம் ஒன்று உல்லாச ஏரிக்காக வைத்திருந்த மண் அணை. வண்டி போவதற்காகக் கரையின் தலையை வெட்டித் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்க வழிந்தோடியில் சல்லடை போட்டார்கள். அடியிலிருந்து தண்ணீர் இறக்கும் குழாய்களை முன்பே யாரோ எடுத்துவிட்டிருக்க, திரும்ப வைக்கவில்லை. 1889 மே 31-ல் பெருமழையில் அந்தக் கரை உடைந்து, கீழே ஜான்ஸ்டவுன் ஊரில் 2,200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். வண்டிப் பாதை, மீன் வலை, திறக்காத மடை. நூற்று முப்பது வருடத்துக்குப் பிறகு கானாடுகாத்தான் பக்கம் நாங்கள் மூன்றையும் அப்படியே செய்திருந்தோம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊருக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணையும் கடைசிக் காலத்தில் பொழுதுபோக்கு ஏரிதான், உயரம் 12 மீட்டர் அளவு. 1977 நவம்பர் 6 அதிகாலையில் உடைந்தபோது கீழே கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேர் போய்விட்டார்கள்.

பாசனத்துக்கு இருக்கும்வரை ஒரு கண்மாய்க்கு நூறு கண் உண்டு. கரை போனால் தன் வயல் போகும் என்று ஒவ்வொருவனும் ராத்திரியில் எழுந்து போய்ப் பார்ப்பான். படகு விடத் தொடங்கியதும் அந்தக் கண்கள் போய்விடுகின்றன. வருகிறவர்கள் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், கரையின் பின்பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். சட்டமும் வந்து பார்க்காது. 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் தன் வரம்புக்குள் கொள்கிறது. 12 அடிக் கரை அதில் வராது. அப்படியானால் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

பெரியவருக்கு இப்போது மாதச் சம்பளம். அவர் மகனுக்கும் உண்டு. வெள்ளாமை இல்லாவிட்டாலும் நீர்க்கட்டி வேண்டும் என்பதை நான் இவ்வளவு தாமதமாகப் புரிந்துகொண்டேன். கலுங்கு பழைய உயரத்துக்கு வந்துவிட்டது, வலை கிடையாது. மீன் போனால் போகட்டும், கீழே உள்ள பிள்ளைகள் பிடித்துத் தின்னட்டும். படகுகள் அந்தப் பக்கம் போகாமலிருக்கக் கலுங்குக்கு 60 அடி முன்னால் மிதவை கட்டிய வடம் ஒன்று இழுத்திருக்கிறோம். அதுவும் குப்பை சேராத மாதிரித் தொய்வாகத்தான் இருக்கும். மறுகால் ஓடுகிற நாளில் படகே கிடையாது, யார் கேட்டாலும். படகில் ஏறும் எவரும் மிதவைச் சட்டை போடாமல் ஏறக்கூடாது, நீச்சல் தெரிந்தவர்கள் உட்பட. மடைக்குப் பக்கத்தில் குளிக்கவும் கூடாது. மடை திறந்திருக்கும்போது அடியில் இழுக்கும் இழுவை மேலே தெரியாது.

புரட்டாசிக்குள் மடையைத் திறந்து, கலுங்குத் தளத்துக்கு இரண்டடி கீழே நீர்மட்டத்தை வைத்துக்கொள்கிறோம். முதல் பெருமழைக்கு அந்த இரண்டடி இடம் தாங்கும். மழை ஓய்ந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம், தையில் வருகிற விருந்தினருக்கு ஏந்தல் நிறைந்துதான் தெரியும். மடையை அமாவாசைக்கு அமாவாசை ஏற்றி இறக்கிப் பார்க்கிறோம், தண்ணீர் தேவையோ இல்லையோ.

கரையில் இருந்த வயரை எடுத்து, பள்ளத்தை அரை அடி அரை அடியாக மண் போட்டு, நனைத்து, திமிசு போட்டு மூடினோம். கரைமேல் புதிதாக நட்ட கொன்றைகளைக் கன்றாகவே எடுத்துவிட்டோம். நிழல் போனது விருந்தினருக்குக் குறைதான். ஆனால் கரைக்கு வேண்டியது அருகம்புல். பெரிய மரம் இருந்தால் அவசரமாக வெட்டாதீர்கள். வெட்டுவதானால் தண்ணீர் இல்லாத கோடையில், வேரோடு எடுத்து, குழியை அடுக்கடுக்காகக் கெட்டித்து மூடுங்கள். எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று எல்லாம் சித்திரையில் தேடித் தேடி அடைக்க வேண்டியவை. புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்தால் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் மழைக்கு முன் அறுத்துவிடுகிறோம்.

வாகை மர ஊற்று இருந்த இடத்தைத் தோண்டி வேரை எடுத்து, மணலும் ஜல்லியும் அடுக்கி, நிரந்தர வடிகால் போட்டாகிவிட்டது. அதிலிருந்து எப்போதும் கொஞ்சம் கசியும். கசிவு இருப்பது தப்பில்லை, அது மாறுவதுதான் தப்பு. அதனால் சனிக்கிழமைதோறும் 15 லிட்டர் குடத்தை வைத்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று பார்த்து, அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து நோட்டில் எழுதுகிறோம். நீர்மட்டத்துக்கு, மடைக் கல்லில் பெயிண்டால் அடிக்கணக்குப் போட்டிருக்கிறது. நீர்மட்டம் ஏறாமல் குடம் மட்டும் சீக்கிரம் நிறைந்தால், அல்லது கிளாசில் வண்டல் தங்கினால், அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போகும். போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை குடம் 70 நொடியில் நிறைந்தது, முந்தின வாரமும் 70.

அந்த நோட்டின் பின்பக்கத்தில் கீழே உள்ள இருபது வீட்டின் போன் எண்ணும், பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும், மணல், ஜல்லி, சாக்கு எங்கே இருக்கிறது என்பதும் எழுதியிருக்கிறது. சாக்கு 200 எப்போதும் கொட்டகையில் இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை ஆடியில் அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கரையைச் சுற்றிக் காட்டுகிறோம். போன ஆடியில் வந்த ஒரு அம்மா, கலுங்குக்குக் கீழே தண்ணீர் விழும் இடத்தில் இரண்டு செம்பூரான் கல் பெயர்ந்திருப்பதைக் காட்டினார். நாங்கள் கவனிக்காதது அது. கல்லுக்கு அடியில் மண் பறித்திருந்தது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டார். பக்கத்துக் கற்களையும் சேர்த்து ஆறு கல்லை எடுத்துவிட்டு அடியில் ஜல்லி போட்டுத் திரும்பப் பாவ வேண்டும் என்கிறார். ஏந்தலில் தண்ணீர் வற்றுவதற்குக் காத்திருக்கிறோம்.